ஜாபேஸின் கார்டுக் கடையும் என் வரவு நோட்டும்

என் தம்பி ஜாபேஸ் ஜெயித்தவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். பிறந்ததும் அழாத பிள்ளை, அம்மாவே நம்பிக்கை விட்ட பிறகு அழுதான். அது 1996 ஜூலை ஒன்பது. நடக்க மாட்டான் என்றார்கள். ஐந்து வயது முடிய நான்கு மாதம் இருக்கும்போது ஆலயத்தின் தெற்கு வாசலிலிருந்து வேப்பமரம் வரை பதினோரு அடி நடந்தான். நான் எண்ணினேன். பத்தாம் வகுப்பில் ஐந்நூற்றுக்கு முந்நூற்று நாற்பத்தேழு எடுத்தான். இருபத்தைந்தாம் வயதில் சேரன்மகாதேவி பேருந்து நிலையத்துக்கு எதிரில் தன் பெயரிலேயே ஒரு கடை போட்டான். அந்தக் கடையின் மேல் போடப்பட்ட நான்கு லட்சத்து முப்பத்தெட்டாயிரத்து ஐந்நூற்று எழுபது ரூபாய் வரி செல்லாது என்று 2025 நவம்பர் ஆறாம் தேதி உத்தரவு வாங்கினான்.

எங்கள் அப்பா தானியேல் ஊர் ஆலயத்தில் மணியடிப்பார், பெருக்குவார், திறந்து மூடுவார், காணிக்கை நோட்டும் எழுதுவார். அம்மா சாரம்மாள் பீடி சுற்றினாள். நான் மூத்தவள். ஜாபேஸ் எனக்குப் பதினொரு வயது இளையவன். துக்கத்தோடு பெற்ற பிள்ளைக்கு வைக்கும் பெயர் என்று குருவானவர் சொல்லித்தான் அந்தப் பெயரை வைத்தார்கள். எட்டாம் வகுப்பு முடிந்ததும் நானும் சொளவு எனும் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்ற உட்கார்ந்துவிட்டேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதைப் பற்றி இங்கே எழுத வேண்டியதில்லை.

தம்பிக்கு வலது கை மடங்கியே இருக்கும். இடது கை நடுங்கும். நடக்கும்போது ஒரு கம்பு வேண்டும். பேச்சு வரும், ஆனால் மெதுவாக வரும். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் தண்ணீர்க்குடம் ஒன்றை இறக்கி வைத்துவிட்டு வரலாம். வந்து சேரும் சொல் மட்டும் தப்பாக இருந்ததில்லை. ஆனால் அவ்வளவு நேரம் யாரும் காத்திருக்கவில்லை. ரேஷன் கடையில் வரிசை நகர வேண்டும், பேருந்தில் நடத்துநருக்கு அவசரம். அதனால் அவனுக்காக நான் பேசினேன். அவன் என்ன சொல்ல வருகிறான் என்று எனக்குத்தானே தெரியும் என்று நினைத்தேன். இருபது வருடத்துக்கு மேல் அப்படியே நினைத்தேன்.

கையெழுத்தும் அப்படித்தான். அவனால் பேனாவைப் பிடிக்க முடியும், ஆனால் கோட்டில் நிறுத்த முடியாது. பரீட்சையை அவன் சொல்லச் சொல்ல வேறொரு பிள்ளை எழுதினாள். மதிப்பெண் சான்றிதழ் வாங்கிய அன்று மாணவர் கையொப்பம் என்ற இடத்தில் இடது பெருவிரல் ரேகை வைத்தான். வரிசையில் பின்னால் நின்ற ஒருவர், படிச்ச கைநாட்டு என்று சிரித்தார். அந்தச் சான்றிதழை அவன் இன்றுவரை யாரிடமும் எடுத்துக் காட்டியதில்லை. வங்கி, ஆதார், கடை வாடகைப் பத்திரம் எல்லாவற்றிலும் அதே ரேகைதான். ஒவ்வொரு ரேகைக்குப் பக்கத்திலும், வாசித்துக் காட்டப்பட்டு என் முன்னிலையில் வைக்கப்பட்டது என்று எழுதி நான் கையெழுத்துப் போட்டிருப்பேன். என்னைவிட இரண்டு வகுப்பு கூடப் படித்தவனுக்கு நான் வாசித்துக் காட்டியதாக எழுதினேன்.

படிப்பு முடிந்து அவன் போன இடம் முத்துமாலை அண்ணாச்சியின் செல்போன் கடை. ரீசார்ஜ் பண்ணும் வேலை. நடுங்கும் கை, கண்ணாடித் திரையில் ஊன்றிக்கொண்டால் அடங்கிவிடும் என்று அங்கேதான் கண்டுபிடித்தான். உள்ளங்கையின் ஓரத்தைத் திரையின் விளிம்பில் அழுத்தி வைத்துக்கொண்டு பெருவிரலால் மட்டும் தட்டுவான். பதினாறு இலக்க எண்ணை ஒருமுறை பார்த்துவிட்டுத் தட்டினால் பிழை வராது. அண்ணாச்சியே அசந்து போனார்.

அப்போதுதான் கேம் கார்டு வியாபாரம் ஊருக்குள் வந்தது. செல்போன் விளையாட்டுகளில் உடுப்பு, துப்பாக்கி, வண்டி என்று ஒவ்வொன்றையும் காசு கொடுத்து வாங்க வேண்டும். வங்கி அட்டை இல்லாதவர்கள் அதற்கு முன்பணக் கார்டு வாங்குவார்கள். கார்டு என்று பெயர்தானே தவிர கையில் எதுவும் கிடைக்காது; ஓர் எண் கிடைக்கும். அந்த எண்ணை விளையாட்டில் போட்டால் அத்தனை ரூபாய் அதற்குள் ஏறிவிடும். சென்னையில் இருக்கும் ஒரு விநியோகஸ்தரிடம் தம்பி முன்பணம் கட்டி எண்களை வாங்குவான். நூறு ரூபாய்க் கார்டு விற்றால் தொண்ணூற்றேழு அவருக்கு, மூன்று இவனுக்கு.

ஒருநாள் நான் சாப்பாடு கொண்டு போயிருந்தபோது அண்ணாச்சி அவனைக் கேலி பண்ணிக்கொண்டிருந்தார்.

“ஏலே ஜாபேசு, கத்திரிக்கா வித்தாக்கூட மிஞ்சுனத வீட்டுக்குக் கொண்டு போயிக் கொழம்பு வைக்கலாம். நீ என்னத்தலே விக்க? காத்தையா?”

தம்பி தலையைத் தூக்கினான். அண்ணாச்சி காத்திருந்தார். அவர் காத்திருக்கத் தெரிந்த மனிதர்.

“காத்துதான்... அண்ணாச்சி. ஆனா... அழுகிப் போவாது.”

அண்ணாச்சி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். 2021இல் தம்பி தனிக்கடை போட்டபோது மேசையும் நாற்காலியும் கொடுத்தவர் அவர்தான். ஜாபேஸ் டிஜிட்டல் என்று பலகை வைத்தோம். கல்லூரி மாணவர்கள் வந்தார்கள். டிராக்டர் ஓட்டும் விளையாட்டுக்காக ஒரு நடத்துநர் வாராவாரம் வந்தார்; வேலையிலும் வண்டி, விளையாட்டிலும் வண்டியா என்று தம்பி அவரைக் கேட்பான். காசு வைத்து ஆடும் சீட்டாட்டத்துக்குத் தம்பி ஒரு ரூபாய்க்கும் கார்டு விற்றதில்லை. சபையில் சிலர் வேறு மாதிரி பேசினார்கள். சீட்டாட்டத்துக்குக் கார்டு கிடையாது என்று அவன் கடையில் தொங்கிய அட்டையில் எழுதியே இருந்தது. அதை அவர்கள் வந்து பார்த்ததில்லை.

அந்தக் கடையில் அவனுக்காகப் பேச நான் தேவைப்படவில்லை. வாங்க வருபவர்கள் தாங்களாகவே அவன் பேசி முடிக்கும்வரை நின்றார்கள். நான் செய்தது நோட்டு எழுதியது மட்டும். கணக்கு எழுத எனக்குத் தெரிந்தது அப்பாவின் முறை. அப்பா காணிக்கை நோட்டில், கைக்கு வந்தது எல்லாம் வரவு, கையை விட்டுப் போனது எல்லாம் செலவு என்று எழுதுவார். மேலிடத்துக்கு அப்படியே அனுப்ப வேண்டிய பணமானாலும், யாரோ ஏழைக்கென்று கொடுத்த பணமானாலும், முதலில் வரவில் ஏற வேண்டும். ஆலயப் பணத்தில் ஒரு பைசா சந்தேகம் வரக் கூடாது என்பதற்காக வந்த வழக்கம் அது. எங்கள் சபையில் எல்லா நோட்டும் அப்படித்தான் இருக்கும். நானும் தம்பியின் கடைக்கு அப்படியே எழுதினேன். நூறு ரூபாய்க் கார்டு விற்றால் இடது பக்கம் வரவு நூறு. விநியோகஸ்தருக்குப் போனது வலது பக்கம் செலவு தொண்ணூற்றேழு. நான்கு நோட்டு நிறைந்தது. ஓர் இடத்திலும் அடித்துத் திருத்தவில்லை.

2024 ஜனவரியில் சரக்கு சேவை வரி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. 2022-23ஆம் ஆண்டில் ஜாபேஸின் வங்கிக் கணக்கில் இருபத்து நான்கு லட்சத்து முப்பத்தாறாயிரத்து ஐந்நூறு ரூபாய் வந்திருக்கிறது, இருபது லட்சத்துக்கு மேல் போனால் பதிவு செய்து வரி கட்ட வேண்டும், ஏன் கட்டவில்லை என்று கேட்டிருந்தார்கள். நேரில் வரச் சொல்லியிருந்தார்கள்.

நான்கு நோட்டையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் போனோம். அலுவலர் நல்ல மாதிரிதான் கேட்டார். தம்பி வாயைத் திறந்தான். பின்னால் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். நான் பேச ஆரம்பித்துவிட்டேன். என் நோட்டை விரித்துக் காட்டினேன். அவர் அந்த ஆண்டுக்கான வரவைக் கூட்டினார். வங்கிக் கணக்கோடு ஒரு ரூபாய்கூட வித்தியாசம் இல்லை. இவ்வளவு சுத்தமாக யாரும் எழுதி நான் பார்த்ததில்லை என்றார். எனக்கு அப்பாவை நினைத்துப் பெருமையாக இருந்தது.

பிறகு வாக்குமூலம் எழுதினார்கள். இந்த ஆண்டில் கார்டு விற்பனை மூலம் எனக்கு வந்த வரவு இவ்வளவு, இதற்கு நான் வரி செலுத்தவில்லை என்று எழுதி உரக்கப் படித்தார்கள். தம்பி கம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “சார்... அது...” என்றான். அவன் கழுத்து நரம்பு புடைத்தது. அலுவலர் என்னைப் பார்த்தார்.

“சரின்னு சொல்லுதான் சார்” என்றேன்.

மை டப்பாவை நகர்த்தினார்கள். அவன் விரலைப் பிடித்து நானே வைத்தேன். பக்கத்தில் வழக்கம்போல வாசித்துக் காட்டப்பட்டது என்று எழுதி, ஸ்வீட்லின் என்று கையெழுத்துப் போட்டேன். அலுவலகத்தின் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் கேட்டார்கள். பதில் சொன்னது நான்.

வீட்டுக்கு வரும் வழியில் தம்பி விரலில் இருந்த மையை வேட்டியில் துடைத்துக்கொண்டே வந்தான்.

ஆகஸ்டில் உத்தரவு வந்தது. நானே ஒப்புக்கொண்ட தொகைக்கு நூற்றுக்குப் பதினெட்டு. வட்டியும் அபராதமும் சேர்த்தால் ஆறு லட்சம். கடையில் உள்ளதையெல்லாம் விற்றாலும் ஒரு லட்சம் தேறாது. வங்கிக் கணக்கை முடக்கினால் விநியோகஸ்தருக்கு முன்பணம் போட முடியாது. அன்றோடு கடை முடிந்துவிடும். கடை முடிந்தால் தம்பி மறுபடியும் வீட்டுக்குள் வந்து என் சொளவுக்கு எதிரே உட்கார வேண்டும். அதைத்தான் நான் நினைத்து நினைத்துப் பயந்தேன்.

வீரவநல்லூரில் மணிராஜ் என்று ஒரு வரி ஆலோசகர் இருக்கிறார். முத்துமாலை அண்ணாச்சிதான் அனுப்பி வைத்தார். மணிராஜ் உத்தரவையும் என் நோட்டையும் மாற்றி மாற்றிப் படித்தார். அவர் படித்து முடிக்கும்வரை மேலே சுற்றும் காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“யம்மா, ஒங்க நோட்டு இருக்கே, அதுதான் ஒங்க தம்பிய மாட்டி விட்டுட்டு” என்றார். “இந்தப் பிள்ளைக்கு அந்த வருசத்துல மிஞ்சுனது எழுபத்து மூவாயிரத்துச் சொச்சம். நீங்க இருவத்து நாலு லெட்சம் வரவுன்னு எழுதிக் குடுத்துருக்கிய.”

வந்ததை வரவு என்று எழுதாமல் வேறு எப்படி எழுதுவது என்று கேட்டேன். அவர் பதில் சொல்வதற்குள் தம்பி கம்பால் தரையை ஒருமுறை தட்டினான். அது அவன் பேசப் போகிறான் என்பதற்கான அடையாளம். கடையில் பழகியது.

“யக்கா. பீடிக் கடையில... ஒனக்குத் தூளு... நிறுத்துத் தாரான்லா?”

“ஆமா.”

“எலையும்... தாரான். நீ சுத்தி... திருப்பிக் குடுக்க. பாஸ்புத்தகத்துல... எலை, தூளு... எல்லாம் எழுதுதான்.”

“எழுதுதான். அதுக்கென்ன?”

“அந்தத் தூளு... ஒன் வரவா?”

இருபத்தைந்து வருடமாக மூட்டை மூட்டையாகத் தூளும் இலையும் என் சொளவில் ஏறி இறங்கியிருக்கின்றன. ஒருநாளும் அதை என்னுடையது என்று நினைத்ததில்லை. கம்பெனிச் சரக்கு, கூலிதான் என்னுடையது. அதே கையால் தம்பியின் நோட்டில் நான் மற்றவன் சரக்கையெல்லாம் அவன் வரவாக ஏற்றி வைத்திருந்தேன்.

மணிராஜ் பேனாவை மூடி வைத்துவிட்டு, இதையே அங்கே போய்ச் சொல்லுங்கள், இதைவிட நான் என்ன எழுதப் போகிறேன் என்றார். இன்னொன்றும் சொன்னார். நோட்டின் வலது பக்கத்தை யாரும் பார்க்கவில்லை. விநியோகஸ்தருக்குப் போன ஒவ்வொரு தொகையும் தேதியோடு அங்கே இருக்கிறது, அது உதவும் என்றார். அதைக் கேட்டும் எனக்கு ஆறுதலாக இல்லை.

மேல்முறையீடு செய்ய வரியில் பத்தில் ஒரு பங்கை முதலில் கட்ட வேண்டும். நாற்பத்து மூவாயிரத்து எண்ணூற்று ஐம்பத்தேழு ரூபாய். என் பீடி வைப்புநிதியில் எடுக்கிறேன் என்றேன். தம்பி மறுத்துவிட்டான். பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் வாங்க மூன்று வருடமாகச் சேர்த்த பணத்தைக் கட்டினான். கெடு முடிய ஒன்பது நாள் இருக்கும்போது மனுப் போட்டோம்.

அந்த வருடக் கடைசி நாளில் டெல்லியிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்ததாக மணிராஜ் சொன்னார். இந்தக் கார்டு போன்ற முன்பணச் சீட்டு என்பது தானாக ஒரு பொருளும் அல்ல, சேவையும் அல்ல. அதைக் கொடுத்து வாங்குவதற்கு மட்டுமே வரி. நடுவில் கமிஷனுக்கு விற்பவனுக்கு அவன் கமிஷன் மேல்தான் கணக்கு என்று அதில் இருந்ததாம். எனக்கு அதில் பாதிதான் புரிந்தது. தம்பி அதை அச்செடுத்து வரி வரியாகப் படித்தான். ஆனால் வாக்குமூலத்தில் இவர் வேறு மாதிரிச் சொல்லியிருக்கிறாரே என்று கேட்பார்கள், அதற்குத் தயாராக இருங்கள் என்று மணிராஜ் எச்சரித்தார்.

விசாரணைத் தேதி வருவதற்கு ஒன்பது மாதம் ஆனது. அந்த மாதங்களில் தம்பி கடைக்குப் போனான், வந்தான். ஆலயத்தில், கேம்கடைக்காரன் பெரிய பணம் வைத்திருக்கிறான் போல, அரசாங்கமே தேடி வருகிறது என்று ஒருவர் சொன்னது என் காதிலும் விழுந்தது. என் சொளவிலிருந்து இலை வெட்டும் தகடு அடிக்கடி காணாமல் போனது. இலையின் மேல் வைத்து அதன் அளவுக்கு வெட்டும் நீளச் சதுரத் தகரத் துண்டு அது. தேடினால் தம்பியின் மேசையில் இருக்கும். அதன் ஓரத்தில் நீல மை ஒட்டியிருந்தது. ஏதோ கோடு போடுகிறான் என்று நினைத்துத் துடைத்து எடுத்துக்கொண்டேன். கேட்கவில்லை.

திருநெல்வேலிக்குக் காலை ரயிலில் போனோம். மணிராஜ் மகளுக்குப் பிரசவம், வர முடியவில்லை. காகிதங்களையெல்லாம் வரிசைப்படுத்திக் கொடுத்திருந்தார். கார் நெல் அறுப்பு முடிந்த வயல்களில் கொக்குகள் நின்றன. தம்பி சன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தான். பேட்டை தாண்டியதும் கம்பால் தட்டினான்.

“அங்கன... நீ பேசக் கூடாது.”

“சரி.”

“நேரமானாலும்... பேசக் கூடாது.”

“சரின்னுட்டேம்லா.”

“அன்னைக்கு நான்... கமிஷன்னு... சொல்ல வந்தேன் யக்கா. நீ... சரின்னுட்ட.”

ஒன்றரை வருடம் கழித்து அதைச் சொன்னான். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அவ்வளவு வலித்தது.

அலுவலகம் மாடியில் இருந்தது. இருபத்திரண்டு படி. மேல்முறையீட்டு அதிகாரியின் பெயர் திருஞானசம்பந்தம். ஓய்வு பெறும் வயதுக்குப் பக்கத்தில் இருப்பார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, யார் பேசப் போகிறீர்கள் என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் தம்பியைக் காட்டினேன். வாயைத் திறக்கவில்லை.

தம்பி பேசினான். நான் மடியில் இருந்த பையின் காதைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு சொல்லும் வர நேரமானபோது அதை எடுத்துக் கொடுக்க என் நாக்கு துடித்தது. அதிகாரி அவசரப்படுத்தவில்லை. அறைக்குள் வந்த ஒருவரைக் கையைக் காட்டி வெளியே நிறுத்தினார்.

கார்டுக்குள் என்ன இருக்கிறது, அதைச் சொல்லுங்கள் என்று கேட்டார்.

“ரூவாதான் சார். வேற... உடுப்பு போட்ட ரூவா. அதக் குடுத்து... அவன் கேம்ல வாங்கும்போது... கம்பெனி வரி பிடிக்கி. எங்கிட்டயும் பிடிச்சா... ஒரே ரூவாய்க்கு... ரெண்டு வரி.”

அதற்குச் சாட்சியாக வாடிக்கையாளர்களிடம் கேட்டு வாங்கிய நாற்பத்தொரு ரசீதுகளைக் கொடுத்தான். விளையாட்டுக் கம்பெனிகள் செல்போனுக்கு அனுப்பும் ரசீதுகள். ஐந்நூறு ரூபாய்க்கு வாங்கிய உடுப்புக்குள்ளேயே எழுபத்தாறு ரூபாய் இருபத்தேழு பைசா வரி என்று ஒன்றில் இருந்தது. டிராக்டர் விளையாட்டு நடத்துநரின் ரசீதும் அதில் இருந்தது. அதிகாரி ஒவ்வொன்றாகப் புரட்டினார். பிறகு வாக்குமூலத்தை எடுத்தார். மொத்தமும் உங்கள் வரவு என்று இதில் ஒப்புக்கொண்டிருக்கிறீர்களே என்றார்.

தம்பி என் பையைக் காட்டினான். நான் என் பீடிப் பாஸ்புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எதற்கென்று அவருக்குப் புரியவில்லை.

“இது அக்கா புஸ்தகம் சார். எலை, தூளு... கம்பெனியோடது. கூலி... அக்காவோடது. என் கடையும்... அப்படித்தான் சார். நோட்டுல... அக்கா எழுதுனது... கோயில் கணக்கு.”

அதற்கு மேல் சொல்லாமல் நிறுத்திக்கொண்டான். என்னைக் குற்றம் சொல்லவில்லை. அதிகாரி என்னிடம் திரும்பி, நோட்டு எழுதியது நீங்களா என்று கேட்டார். நான் தம்பியைப் பார்த்தேன். அவன் தலையை அசைத்தான். அன்றைக்கு நான் பேசியது அப்போது மட்டும்தான்.

“நாந்தான் சார். அவன் கை வழியாப் போன காச, அவன் காசுன்னு எழுதிட்டேன். அந்த வாக்குமூலத்துலயும் அவன் பேசல சார். நாந்தான் பேசினேன்.”

அவர் நோட்டின் வலது பக்கத்தைப் பார்த்தார். நான்கைந்து தேதிகளை விநியோகஸ்தரின் கணக்கோடு ஒத்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. உத்தரவு பிறகு வரும் என்றார். தம்பி சொன்னதை அவன் சொன்ன மாதிரியே, கமிஷன் என்ற சொல்லோடு, ஒரு பக்கத்துக்குத் தட்டச்சு செய்யச் சொன்னார். அச்செடுத்து வந்த தாளை என்னிடம் தரவில்லை. தம்பியின் முன்னால் வைத்து, படித்துப் பாருங்கள் என்றார். தம்பி படித்தான். இரண்டாவது பத்தியில் ஓர் எண் தப்பு என்று காட்டினான். திருத்திக் கொண்டு வந்தார்கள்.

பழைய வாக்குமூலத்தில் ரேகை இருந்ததைப் பார்த்துவிட்டு அலுவலக உதவியாளர் மை டப்பாவைத் திறந்து வைத்தார். நானும் பழக்கத்தில் பையிலிருந்து என் பேனாவை எடுத்துவிட்டேன்.

“மை... வேண்டாம்” என்றான் தம்பி.

சட்டைப் பையிலிருந்து என் தகட்டை எடுத்தான். காலையில் நான் தேடிக் கிடைக்காத தகடு. அதைத் தாளில் கையொப்பக் கோட்டுக்குக் கீழே குறுக்காக வைத்தான். மடங்கிய வலது கையை அதன் ஒரு முனையில் போட்டு அழுத்தினான். என் கையிலிருந்த பேனாவை இடது கையில் வாங்கிக்கொண்டான். கடையில் செல்போன் விளிம்பில் ஊன்றுவதைப் போலவே உள்ளங்கையின் ஓரத்தைத் தகரத்தின் விளிம்பில் ஊன்றினான். கை நடுங்கியது, தகடு அதைக் கீழே போக விடவில்லை. முதலில் அப்பா பெயரின் முதல் எழுத்து. பிறகு புள்ளி. ஜா எழுத நெடுநேரம் ஆனது. உதவியாளர் மை டப்பாவை மூடும் சத்தம் மட்டும் கேட்டது. கடைசி எழுத்தின் மேல் புள்ளி வைக்கும்போது பேனா தாளைக் கொஞ்சம் கிழித்துவிட்டது.

அதிகாரி தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். எழுத்துகள் சிறியதும் பெரியதுமாக இருந்தன. யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம். சாட்சி என்று அடித்திருந்த இடத்தை நான் பார்த்தேன். அதில் ஒரு கோடு இழுத்து, தேவையில்லை என்று அவர் எழுதினார்.

தேதி போடுங்கள் என்றார். தம்பி தகட்டை ஓர் அங்குலம் கீழே நகர்த்தி வைத்து அதையும் அவனே எழுதினான்: 17.09.2025.